தொடர் பார்த்துவிட்டுப் படித்தவனின் கடிதம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு கடிதப் பகுதியில் ஒரு அன்பர், ஜாம்பி தொடரை டிவியில் பார்த்தாச்சு, அப்புறம் அதே கதையைப் பொம்மைப் புத்தகத்தில் வேறு படிக்கணுமா என்று கேட்டிருந்தார். சித்திரைத் திருவிழா வரைக்கும் நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். 'தி வாக்கிங் டெட்' 177 எபிசோடையும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பார்த்து முடித்த தெம்பு.

திருவிழாவுக்கு வந்த அக்கா மகன் அதன் மூல காமிக்ஸைக் கொடுத்துவிட்டுப் போனான். 48 இதழ்கள் ஒரே புத்தகமாக, ஆயிரம் பக்கத்துக்கு மேல், செங்கல் கனம். மாட்டுத்தாவணியில் சிவகாசி பஸ்சுக்குக் காத்திருந்தபோது மஞ்சப்பையிலிருந்து எடுத்து விரித்தேன். பக்கத்திலிருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "பிள்ளைக்கா தம்பி?" என்றார். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன்.

கதை ஆஸ்பத்திரியில் நாயகன் ரிக் கண் விழிப்பதில் தொடங்குகிறது, தொடரிலும் கிட்டத்தட்ட அப்படித்தான், சரி, தெரிந்த கதைதானே என்று சாய்ந்து உட்கார்ந்தேன். இரண்டு சீசன் உயிரை வாங்கிய ரிக்கின் நண்பன் ஷேன் இங்கே ஆறாவது இதழிலேயே காலி. தொடரில் ஜாம்பியாகக் கொட்டகையிலிருந்து வெளியே வந்து நம்மை அழவைத்த சோஃபியா இங்கே உயிரோடு இருக்கிறாள், ஆனால் கடைசி சீசன்வரை தாக்குப்பிடித்த அவள் அம்மா கரோல் அவர்கள் அடைக்கலம் புகுந்த சிறைச்சாலையைத் தாண்டவில்லை. தொடரில் கடைசிவரை வரும் டேரில் எங்கே டேரில் எங்கே என்று திருமங்கலம் வரை புரட்டினேன். ஆளே கிடையாது, அவன் டிவிக்காக உருவாக்கிய ஆளாம்!

அதைவிடப் பெரிய அடி 28ஆவது இதழில். 'கவர்னர்' என்று பெயர் வைத்துக்கொண்ட வில்லன் ரிக்கின் வலது கையை வெட்டிவிடுகிறான். தொடரில் அப்படி நடக்கவே இல்லை என்பதால் எனக்குத் துளி எச்சரிக்கை இல்லை. 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியதே இரும்புக்கை மாயாவியோடுதான், அதையே மனப்பாடம் செய்து வளர்ந்தவன் நான், கை போனால் இரும்புக்கை மாட்டி, மின்சாரத்தைத் தொட்டு, மாயமாய் மறைய வேண்டாமா? ரிக்குக்கு அதெல்லாம் இல்லை. வெறும் மொட்டைக் கை. அதற்குப் பிறகு நூற்றுச் சொச்சம் இதழ்கள் அந்த ஒற்றைக் கையோடுதான் ஓடுகிறான், சுடுகிறான், மகனைக் காப்பாற்றுகிறான்.

இன்னொன்று, படங்கள் கறுப்பு வெள்ளை. முதல் ஆறு இதழ் டோனி மூர் வரைந்தது, துல்லியமான கோடு. ஏழிலிருந்து சார்லி அட்லார்ட், முகத்தில் பாதியை மையால் மூடிவிடுவார். டிவியில் அவ்வளவு செலவழித்துக் காட்டிய ரத்தத்தைவிட இந்தக் கறுப்புதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ராபர்ட் கிர்க்மேன் எழுத்து சில இடங்களில் இழுவை, பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள், மறுக்கவில்லை.

இப்போது மூன்று தொகுப்பு முடிந்தது, 144 இதழ். தொடரின் எட்டாவது சீசனில் செத்துப்போன ரிக்கின் மகன் கார்ல் இதுவரை உயிரோடு இருக்கிறான். நாலாவது தொகுப்பு அக்கா மகன் தீபாவளிக்கு வரும்போதுதான் கிடைக்கும். கதை 2019இல் 193ஆவது இதழோடு, முன்கூட்டிச் சொல்லாமலே முடிந்துவிட்டது என்பது மட்டும் தெரியும். இதற்குப் பதில் எழுதும் வாசகர்கள் தயவுசெய்து கார்லைப் பற்றி வாய் திறக்காதீர்கள்.

— ஒரு வாசகன், செல்லூர், மதுரை