பேத்தியின் மணல் தொட்டிக்கு எவ்வளவு மணல்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மே மாதம் பேத்தி வருகிறாள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. இங்கே அனைவரும் நலம். முழங்கால் வலி குறைந்து, மாலையில் வாய்க்கால் கரை வரை நடக்கிறேன்.

தொட்டி 6 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி ஆழம் என்று எழுதியிருக்கிறாய். மணல் விற்பவர் அரை யூனிட், அதாவது 50 கன அடி வேண்டும் என்கிறார், மேஸ்திரி பத்துக் கன அடி போதும் என்கிறார். இரண்டையும் கேட்காதே. விளிம்பில் 3 அங்குலம் விட்டு, 9 அங்குலம் நிரப்பு. 9 அங்குலம் முக்கால் அடி; 6 × 4 × 0.75 என்றால் 18 கன அடி. மேஸ்திரி சொல்லும் அளவில் 5 அங்குலம்தான் நிற்கும். கிணறு வெட்ட ஆரம்பித்த உடனே பிள்ளையின் விரல் தரையில் முட்டும். அவ்வளவு ஆசையாகத் தோண்டும் குழந்தையை அப்படி ஏமாற்றக் கூடாது.

ஆனால் 18 கன அடி வாங்கினால் 18 கன அடி நிற்காது. லாரியில் வருவது ஈர மணல். ஈரம் ஐந்து சதவீத அளவில் இருக்கும்போது, மணிகளைச் சுற்றி நிற்கும் நீர்ப்படலம் அவற்றை நெருங்கவிடாது. மணல் உப்பி, கால் பங்கு வரைகூட அதிக இடம் பிடிக்கும். ஒரு டப்பாவில் ஈர மணலைத் தளர்வாக நிரப்பி, மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றிப் பார். மட்டம் கண்ணெதிரே இறங்கும். ஆகவே கால் யூனிட், அதாவது 25 கன அடி வாங்கிக்கொள். மிஞ்சினால் சாக்கில் கட்டி வை, காற்றிலும் உடையிலும் போகும் மணலை ஈடுகட்ட உதவும். கட்டட வேலையில் நம் அளவைக் குலைத்த அந்த ஈரம்தான் பிள்ளைகள் கட்டும் மணல் கோபுரத்தை நிற்கவைக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு. காய்ந்த மணலில் ஒரு சுவர் எழும்பாது. பேத்தி விளையாடும் முன் ஒரு குடம் தண்ணீர் தெளித்துவிடு.

மொட்டை மாடியில் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம். காய்ந்த மணல் கன அடிக்குச் சுமார் 45 கிலோ. மொத்தம் 800 கிலோவுக்கு மேல். ஆட்கள் நடமாடும் மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்று கணக்கிடுவது வழக்கம். உன் தொட்டியில் அது 360ஐத் தாண்டும், மழையில் நனைந்தால் இன்னும் கூடும். கொல்லையில் வேப்பமர நிழலே நல்லது. அடியில் சிமெண்ட் தளம் போடாமல் தண்ணீர் இறங்க விடு.

எம்-சாண்ட் மலிவு என்று வாங்கிவிடாதே. பாறையை உடைத்த மணி கூர்மையானது, அதன் தூசு பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. அனுமதி பெற்ற இடத்து ஆற்று மணலைச் சலித்து, கலங்கல் தெளியும் வரை அலசிப் போடு. பழைய சிமெண்ட் சாக்கில் அள்ளாதே, ஒட்டியிருக்கும் சிமெண்ட் தோலை அரிக்கும். இரவில் மூடி வை; பூனைகள் அசுத்தம் செய்துவிடும்.

மணல் இறங்கும் நாளை எழுது. பஸ் ஏறி வருகிறேன், சலிக்க ஓர் ஆள் கூடுதலாக இருக்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்