நண்பனுக்கு ஒரு கடிதம்: நிற்கத் தெரிந்த வீராங்கனை

அம்பத்தூர், சென்னை
மார்கழி 18

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, காலையில் பெரிய கோயில் வரை நடந்து போய் வருகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே அனைவரும் நலம். பேத்திக்குப் பதினான்கு வயது முடிந்துவிட்டது. பந்தய சைக்கிள் வேண்டும் என்று ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்குச் சென்ற மாதம்தான் வாங்கிக் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவதற்கு முன்பே அவளைக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அழைத்துச் செல்கிறேன். அவள் ஓட்டுகிறாள், நான் ஸ்கூட்டரில் பின்னால் போகிறேன். வேகத்தில் அவளுக்குக் குறைவில்லை. ஆனால் நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தது வேகத்தைப் பற்றிச் சொல்வதற்கு அன்று.

இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு மாலை, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நடந்த பெண்கள் ஸ்பிரிண்ட் சைக்கிள் இறுதிப் போட்டியின் காணொளியை அவளுக்குக் காட்டினேன். ஆஸ்திரேலியாவின் அன்னா மியர்ஸும் இங்கிலாந்தின் விக்டோரியா பென்டில்டனும் மோதிய போட்டி அது. பார்த்துக்கொண்டிருந்த பேத்தி ஒரு கட்டத்தில் என் கையிலிருந்த போனை வாங்கி உற்றுப் பார்த்துவிட்டு, "தாத்தா, ரேஸுன்னு சொன்னீங்க, ஏன் நிக்கிறாங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்டவுடன் எனக்கு உன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

நம் தெருவில் பொங்கலுக்கு நடக்கும் ஸ்லோ சைக்கிள் ரேஸ் உனக்கு மறந்திருக்காது. சுண்ணாம்புக் கோட்டுக்குள் கால் ஊன்றாமல், கோட்டைத் தாண்டாமல், கடைசியாக வந்து சேர்பவனுக்கு எவர்சில்வர் குடம். மற்றவர்கள் எல்லாம் ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் வெட்டிக்கொண்டு தடுமாறும்போது, நீ முன் சக்கரத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, இரண்டு பெடலையும் தரைக்கு இணையாக நிறுத்தி, பிரேக்கை அரைகுறையாகப் பிடித்தபடி அசையாமல் நிற்பாய். உன் கெண்டைக்கால் சதை மட்டும் மெல்ல நடுங்கிக்கொண்டிருக்கும். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அந்தக் குடத்தை நீதான் கொண்டு போனாய். அன்று அதை நாம் ஒரு விளையாட்டாகத்தான் நினைத்தோம். உலகத்தின் மிக வேகமான சைக்கிள் வீரர்கள் பதக்கத்துக்காகச் செய்வதும் அதையேதான் என்று தெரியும்போது எனக்கு எவ்வளவு வியப்பாக இருந்தது என்று எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

ஸ்பிரிண்ட் போட்டி நடப்பது வெலோட்ரோம் என்னும் கிண்ணம் போன்ற ஓடுதளத்தில். ஒரு சுற்று 250 மீட்டர். வளைவுகளில் பலகைத் தளம் ஏறத்தாழ 42 பாகை சரிந்து சுவர் போல எழும்பி நிற்கும். சைக்கிளில் பிரேக் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது. சக்கரம் சுழலும் வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும். இருவர் மட்டும் மூன்று சுற்று ஓட்ட வேண்டும். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டியிருப்பதால், பின்னால் வருகிறவர் அந்த மறைவில் சக்தியைச் சேமித்துக்கொண்டு கடைசி வளைவில் பாய்ந்து முந்திவிடலாம். ஆகவே முதல் இரண்டு சுற்றில் இருவருமே முன்னால் போக விரும்புவதில்லை. மெதுவாக உருட்டுவார்கள், மேலேறுவார்கள், சில நேரங்களில் சரிவிலேயே அசையாமல் நின்றுவிடுவார்கள். பிரேக் இல்லாத சைக்கிளில் அப்படி நிற்பது என்றால் பெடலை முன்னும் பின்னும் நூலளவு அழுத்தி நிற்க வேண்டும். நீ பிரேக்கைப் பிடித்து நின்றாய். அவர்களுக்கு அந்த வசதியும் இல்லை.

மியர்ஸ் இதைப் பிறவியிலேயே தெரிந்துகொண்டு வந்தவர் அல்லர் என்பதுதான் என்னை அவரிடம் ஈர்த்தது. அவர் குயின்ஸ்லாந்தில் பிளாக்வாட்டர் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரைச் சேர்ந்தவர். தந்தை சுரங்கத் தொழிலாளி. 1994 காமன்வெல்த் போட்டியில் ஆஸ்திரேலிய சைக்கிள் வீராங்கனை கேத்தி வாட் வென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அவரும் அக்கா கெர்ரியும் சைக்கிள் பந்தயத்தில் இறங்கினார்கள். பயிற்சித் தளம் இருந்தது மக்காய் நகரில். பெற்றோர் பிள்ளைகளை மணிக்கணக்கில் காரில் அழைத்துச் சென்று திரும்புவார்கள். முதலில் பெயர் எடுத்தவர் அக்காதான். தங்கை 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 500 மீட்டர் நேர ஓட்டத்தை 33.952 வினாடியில் முடித்து, உலக சாதனையோடு தங்கம் வென்றார். அதற்கு முன் எந்தப் பெண்ணும் 34 வினாடிக்குக் கீழே அந்தத் தூரத்தை ஓட்டியதில்லை.

நேர ஓட்டம் என்பது தனியொருவர் கடிகாரத்தோடு மட்டும் மோதும் போட்டி. பக்கத்தில் ஆள் கிடையாது, தந்திரம் கிடையாது. வெடித்துக் கிளம்பி, மூச்சு அடங்கும் வரை மிதிக்க வேண்டும். மியர்ஸின் உடம்பும் மனமும் அதற்காகவே பழகியிருந்தன. ஆனால் ஏதென்ஸுக்குப் பிறகு அந்தப் போட்டியே ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. இருபது வயதில் உலகச் சாதனையோடு தங்கம் வாங்கிய பெண்ணுக்கு, அடுத்த ஒலிம்பிக்கில் அந்தத் தங்கத்தைக் காத்துக்கொள்ளவும் வாய்ப்பில்லை. ஆண்களின் 1000 மீட்டர் நேர ஓட்டமும் அப்போதே போனது. ஏதென்ஸில் அதில் வென்ற ஸ்காட்லாந்தின் கிறிஸ் ஹோய் வேறு போட்டிகளைக் கற்றுக்கொண்டு 2008 பெய்ஜிங்கில் மூன்று தங்கம் வென்றார். மியர்ஸின் பாதை அத்தனை நேராக அமையவில்லை.

2008 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் உலகக் கோப்பைப் போட்டியில் மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அவர் விழுந்தார். கழுத்தின் இரண்டாவது எலும்பில் விரிசல், வலது தோள் மூட்டு விலகியது, தோல் உரிந்தது. அந்த விரிசல் இன்னும் இரண்டு மில்லிமீட்டர் அதிகமாயிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். ஏழே மாதத்தில் பெய்ஜிங்கில் ஸ்பிரிண்ட் இறுதிக்கு வந்து, பென்டில்டனிடம் தோற்று, வெள்ளி வாங்கினார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். அது பெரிய துணிவு, மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அதற்குப் பின் வந்த நான்கு ஆண்டுகள். காயம் ஆறுவதற்கு உடம்பு தன் பங்குக்கு உதவி செய்யும்; ஊறிப்போன பழக்கத்தை மாற்றிக்கொள்ள அப்படி எதுவும் துணைக்கு வராது.

பென்டில்டன் அப்போது உலகின் சிறந்த ஸ்பிரிண்ட் வீராங்கனை. தனிநபர் ஸ்பிரிண்டில் மொத்தம் ஆறு உலகப் பட்டங்கள் பெற்றவர். அவரைக் காலின் பலத்தால் மட்டும் வெல்ல முடியாது என்று மியர்ஸும் அவருடைய பயிற்சியாளர் கேரி வெஸ்டும் முடிவு செய்தார்கள். அவர் எப்போது திரும்பிப் பார்க்கிறார், எந்தச் சுற்றில் பாய்கிறார், எந்த நிலையில் பதற்றம் அடைகிறார் என்பதையெல்லாம் காணொளிகளில் திரும்பத் திரும்பப் பார்த்துக் குறித்தார்கள். பயிற்சியில் ஓர் ஆண் வீரரைப் பென்டில்டனைப் போலவே ஓட்டச் செய்து, அவரோடு மோதிப் பழகினார்கள். 2011 உலகப் போட்டியில் மியர்ஸ் ஸ்பிரிண்ட் பட்டத்தை வென்றார். ஆனால் 2012 ஏப்ரலில், தன் நாட்டிலேயே மெல்போர்ன் நகரில், அரையிறுதியில் பென்டில்டனிடம் மறுபடி தோற்றார். லண்டனுக்கு நான்கு மாதம்கூட இல்லை. தன் சொந்த மக்கள் முன்னால் தோற்ற அந்த இரவில் அவர் என்ன நினைத்திருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

இனி லண்டன். ஆகஸ்ட் 7. அரங்கம் முழுவதும் பென்டில்டனின் ஆட்கள். அதுவே தன் கடைசிப் போட்டி என்றும் அவர் அறிவித்திருந்தார். மூன்று ஓட்டங்களில் இரண்டை வென்றவருக்குத் தங்கம். முதல் ஓட்டத்தில் இருவரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு வந்தார்கள். பென்டில்டன் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு முன்னால் கோட்டைத் தொட்டார். அந்த வேகத்தில் அது ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர். அரங்கம் அதிர்ந்தது. ஆனால் கடைசிப் பாய்ச்சலில் தளத்தின் உட்பக்கமுள்ள சிவப்புக் கோட்டை அவர் தாண்டி மேலே வந்துவிட்டார் என்று நடுவர்கள் தீர்ப்பளித்து, அந்த ஓட்டத்தை மியர்ஸுக்குக் கொடுத்தார்கள். மியர்ஸின் முழங்கை அவர் மீது பட்டதால்தான் அவர் விலகினார் என்று சொல்கிறவர்களும் உண்டு. நானும் அந்தக் காட்சியைப் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். உரசல் இருந்தது உண்மை. ஆனாலும் கோட்டைத் தாண்டியதும் உண்மை, விதி விதிதான் என்பது என் கருத்து. உன் கருத்தை அறிய விரும்புகிறேன்.

இரண்டாவது ஓட்டத்தில்தான் பேத்தி அந்தக் கேள்வியைக் கேட்டாள். முன்னால் போய்க்கொண்டிருந்த மியர்ஸ், வேகத்தைக் குறைத்துக் குறைத்துக்கொண்டே வந்து, சரிவின் மேல் கிட்டத்தட்ட நின்றேவிட்டார். பென்டில்டனுக்கு வேறு வழியில்லை. கடந்து முன்னால் போக வேண்டியதாயிற்று. அந்த ஒரு கணத்தில் இருவரின் இடமும் மாறியது. அதன் பிறகு மியர்ஸ் அவருடைய பின் சக்கரத்தை விடவில்லை. கடைசிச் சுற்றில் பாய்ந்து, பக்கத்தில் வந்து, தாண்டிப் போனார். வெடித்துக் கிளம்புவதையே தொழிலாகக் கொண்டிருந்த பெண், உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, எதிர் ஊர்க் கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே, நிற்பதற்கு நெஞ்சுரம் பெற்றிருந்தார். எட்டு ஆண்டு கழித்து வந்த இரண்டாவது தங்கம் அது.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2013 டிசம்பரில் மெக்சிகோவின் அகுவாஸ்காலியந்தஸில், தன் பழைய 500 மீட்டரை 32.836 வினாடியில் ஓட்டி, 33 வினாடிக்குக் கீழே வந்த முதல் பெண் ஆனார். ஒலிம்பிக்கில் இல்லாமற்போன அந்தப் போட்டியை அவர் கைவிடவே இல்லை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவின் கொடியை ஏந்திச் சென்றார். பலர் ஒன்றாக ஓட்டும் கெய்ரின் என்னும் போட்டியில் வெண்கலம் வாங்கினார். மொத்தம் ஆறு ஒலிம்பிக் பதக்கங்கள், பதினொரு உலகப் பட்டங்கள். அந்த ஆண்டே ஓய்வு பெற்றார். கேரி வெஸ்ட் மறு ஆண்டு நரம்பு நோயால் காலமானார். அதைப் படித்த அன்று எனக்கு வேலையில் மனம் செல்லவில்லை.

நம் பக்கத்தில் இந்த விளையாட்டு இல்லாமல் இல்லை. நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறிப் போகும் அந்தமான் நிகோபார் தீவுகளிலிருந்து டெபோரா ஹெரால்டு, ஈசோ ஆல்பென் என்று ஸ்பிரிண்ட் வீரர்கள் வந்திருக்கிறார்கள். 2019-இல் ஜெர்மனியில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் ஈசோ இடம்பெற்ற இந்திய அணி டீம் ஸ்பிரிண்டில் தங்கம் வென்றது. இதைச் சொன்னபோது பேத்தி நம்பவில்லை. தேடிப் படித்துவிட்டு, இப்போது அந்தப் பெயர்களை மனப்பாடமாகச் சொல்கிறாள்.

அவள் இப்போது மாலையில் வீட்டு வாசலில் நிற்கப் பழகுகிறாள். தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகள் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தே காலம் கழித்தவன் நான். அவள் சைக்கிளின் கம்பிகளை இறுக்கி, சக்கரம் துளியும் ஆடாமல் சுழலும்படி செய்து கொடுக்க என்னால் முடிகிறது. நிற்பதை மட்டும் எனக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியவில்லை. எண்ணிப் பார்த்ததில் நேற்று பதினொரு வினாடி நின்றாள், பிறகு காலை ஊன்றிவிட்டாள். முன் சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்புவாய், எந்தக் காலை முன்னால் வைப்பாய், பார்வையை எங்கே நிறுத்துவாய் என்பதை விவரமாக எழுது. முடிந்தால் எழுதாமல் பொங்கலுக்கு நேரிலேயே வந்துவிடு. தெருவில் இந்த ஆண்டும் சுண்ணாம்புக் கோடு போடுகிறார்கள். பேத்தி பெயர் கொடுத்துவிட்டாள்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவி.

என்றும் அன்புடன்,
உன் பழைய சைக்கிள் கூட்டாளி