அப்பாவின் இரண்டாவது போத்தல்

நானுஓயா
2.2.2025

அன்புள்ள மாரிமுத்து,

உன் கடிதம் பொங்கலுக்கு நாலு நாள் முந்திக் கிடைத்தது. உன் வீட்டுத் தங்கச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் மனசு ஆறியது. மாடிப்படி ஏற இன்னும் மூணு மாசமாவது போகட்டும், அவசரப்படுத்தாதே. பச்சைத் தேயிலை விலையைப் பற்றி நீ எழுதியிருந்ததை வாசித்தால், கோத்தகிரியிலும் நானுஓயாவிலும் ஒரே கணக்குத்தான் ஓடுகிறது போல. இங்கே நேற்றுக் காலை புல்லெல்லாம் வெள்ளை விழுந்திருந்தது. பள்ளத்து மலையில் கொழுந்து கருகிவிடுமோ என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். நமக்குச் சின்ன வயசில் அது விளையாட்டு, ஞாபகம் இருக்கிறதா? வெறுங்காலோடு உறைபனியை மிதித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனோமே.

இந்தக் கடிதத்தில் உனக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் முழுசாகச் சொல்லப் போகிறேன். பதினெட்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ 1974இல் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினாய். மறுவருஷம் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது நம் பெரிய துரையும் மூட்டை கட்டினார். அப்பாதான் பங்களாவில் கடைசி வரைக்கும் சமையலும் வீட்டு வேலையும் பார்க்கிற அப்புவாக இருந்தார் என்பது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, துரை போகும்போது அப்பா கையில் இரண்டு போத்தல் சிவப்பு வைன் கொடுத்துவிட்டுப் போனார் என்பது. லீவுக்குப் போய்த் திரும்பும்போது தன் பெட்டியில் துணிக்குள் சுற்றி எடுத்து வந்தவையாம். படுக்க வைத்துத்தான் வைக்க வேண்டும், நிற்க வைத்தால் தக்கை காய்ந்து காற்று உள்ளே போய்விடும். வெளிச்சம் படக்கூடாது, ஆட்டக்கூடாது, பிள்ளைகளின் கல்யாணத்துக்குத் திறந்துகொள் என்று சொல்லியிருக்கிறார். அப்பா குடிக்கிற ஆள் இல்லை. ஆனால் ஒருத்தர் நம்பிக் கொடுத்த பொருள் என்றால் அவருக்கு எப்படி என்று நீயே பார்த்திருக்கிறாய். ஒரு தேயிலைப் பெட்டியில் மானாப்புல்லை மெத்தை மாதிரி பரப்பி, இரண்டையும் குழந்தையைப் போலப் படுக்க வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். அம்மா அந்தப் பக்கம் விளக்குமாற்றைக்கூடக் கொண்டுபோக முடியாது.

முதல் போத்தலை 1986இல் என் கூடப்பிறந்த தங்கச்சியின் கல்யாணத்தன்று இரவு திறந்தோம். விருந்தாளிகள் போன பிறகு, சமையல்கட்டில். அப்போது நான் ஸ்டோரில், அதுதான் தேயிலைத் தொழிற்சாலையில், உதவி டீமேக்கர். எங்களுக்கு என்ன தெரியும்? பெட்டியிலிருந்து எடுத்து, துடைத்து, குலுக்கி, தேத்தண்ணி கிளாஸில் ஊற்றினோம். கறுப்பாக, கலங்கலாக வந்தது. வாயில் வைத்தால் நாக்கும் ஈறும் ஒட்டிக்கொண்டன. ஒரு மணி நேரம் ஊறவிட்ட சாயத் தேத்தண்ணியைக் குடித்த மாதிரி ஒரே துவர்ப்பு, நடுவில் மண் மாதிரி நறநறப்பு. அப்பா துரையின் மரியாதைக்காக ஒரே ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்துவிட்டு, "இதுக்கா அந்த மனுசன் அவ்வளவு பத்திரம் சொன்னாரு" என்றார். மிச்சத்தை வாசலில் கொட்டினோம். இரண்டாவதை ஏன் கொட்டவில்லை என்று கேட்டால், அப்பா விடவில்லை, அவ்வளவுதான். 1999இல் அவர் போனபோது பெட்டி என் கட்டிலுக்கு அடிக்கு வந்தது. நான் ரிட்டயராகி இங்கே வீடு கட்டியபோது இங்கேயும் வந்தது.

இந்தப் பொங்கலுக்குப் பெரிய மகளின் பையன் கொழும்பிலிருந்து வந்தான். ஹோட்டலில் வைன் பரிமாறுகிற வேலை, அதற்கென்றே படித்தவன். பெட்டியைத் திறந்து காட்டினேன். லேபலைப் பார்த்ததும் பையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சாட்டோ தால்போ, சென் ஜூலியன், 1970. பிரான்சில் போர்தோவுக்கு வடக்கே, ஜிரோந்து கழிமுகத்தின் இடது கரையில் உள்ள தோட்டமாம். 1453இல் கஸ்தியோன் சண்டையில் செத்த தால்போ என்ற ஆங்கிலேயத் தளபதியின் பெயர். 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காகத் தோட்டங்களைத் தரம் பிரித்தபோது நாலாம் தரத்தில் வைத்தார்கள். நாலாம் தரம் என்றதும் நான் நம் தூள் கணக்கில் நினைத்து ஏமாந்துபோனேன். அந்தப் பட்டியலில் இடம் கிடைத்ததே அறுபது தோட்டம் போலத்தானாம், நாலாவது வரிசையில் நிற்பதே பெரிய கௌரவமாம். அதிலும் 1970 போர்தோவில் விளைச்சலும் தரமும் சேர்ந்து அமைந்த வருஷம் என்றான்.

அப்புறம் அவன் ஒன்று கேட்டான்: "தாத்தா, பெட்டி எப்போதும் மலையிலேயே இருந்ததா?" ஆமாம், ஒரு நாள்கூடக் கீழே இறங்கியதில்லை. அதுதான் காப்பாற்றியிருக்கிறது என்றான். பிரான்சில் நிலவறைக்குள் 12, 13 டிகிரியில் வைப்பார்களாம். 1,600 மீட்டர் உயரத்தில் நம் வீட்டு இருட்டறை அதைவிடச் சற்றுச் சூடு, ஆனால் வருஷம் பூராவும் பெரிதாக ஏறி இறங்காத குளிர். கொழும்பில் இருந்திருந்தால் சில வருஷத்திலேயே வெந்துபோயிருக்குமாம்.

பொங்கலன்று தொடவில்லை. ஆனால் அதற்கு முதல் நாளே பெட்டியிலிருந்து எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டான், மண்டி எல்லாம் அடியில் தங்கட்டும் என்று. மறுநாள் மாட்டுப்பொங்கல் சாயங்காலம் திறந்தோம். வைன் தோள் வரைக்கும் இறங்கியிருந்தது, தக்கை வழியாக அத்தனை வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. சாதாரணத் திருகாணி போட்டால் பழைய தக்கை பொடிந்துவிடும் என்று, இரண்டு மெல்லிய தகடு வைத்த ஒரு சாமானைக் கொண்டு வந்திருந்தான். தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஆட்டி ஆட்டி இறக்கி, முறுக்கி இழுத்தான். அப்படியும் பாதியில் முறிந்தது. மீதியையும் பொறுமையாக எடுத்தான். பிறகு டோர்ச்சைப் போத்தல் கழுத்துக்கு அடியில் பிடிக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடி ஜக்கில் மெல்ல, ஒரே சீராக ஊற்றினான். கடைசியில் கறுப்பு நூல் மாதிரி மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டான். 1986இல் நாங்கள் குலுக்கிக் குடித்தது அதைத்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

முதலில் வந்த வாசனை நன்றாக இல்லை. பூட்டிக் கிடந்த அறை, ஈரச் சாக்கு. பயந்துபோனேன். கொஞ்சம் பொறுங்கள் என்றான். பத்து நிமிஷத்தில் அது கலைந்துபோனது. அப்புறம் வந்ததை எப்படி எழுதுவேன்? புதுத் தேயிலைப் பெட்டிப் பலகை வாசம். அப்பாவின் வெற்றிலைப் பெட்டியில் இருந்த காய்ந்த புகையிலை. மழை விட்டதும் கருப்பந்தைல மரத்தடியில் சருகு மக்குமே, காளான் கிளம்பும் இடம், அந்த வாசம். அதற்கெல்லாம் பின்னால், தூரத்தில், உலர்ந்த பழம்.

ஸ்டோர்ப் பழக்கம் என்னை விடவில்லை. தேத்தண்ணி ருசி பார்க்கிற வெள்ளைக் கோப்பை ஒன்று இன்னும் வைத்திருக்கிறேன், அதில் கொஞ்சம் ஊற்றிச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். நடுவில் மாதுளை மாதிரி. ஓரத்தில் வரவரச் செங்கல் நிறம், ஓரத்திலும் ஓரத்தில் நம் டிம்புள்ள பக்கம் பெப்ரவரித் தேயிலையின் சாயம், அப்படியே. உறிஞ்சினேன், வாயெல்லாம் சுழற்றினேன். மாரிமுத்து, துவர்ப்பு இருந்தது. ஆனால் அது பிடித்து இழுக்கவில்லை. பழைய பட்டுத்துணியைத் தடவுகிற மாதிரி நாக்கில் படிந்து, மெல்லப் போனது. முழுங்கி வெகுநேரம் கழித்தும் வாயில் வாசம் நின்றது. முப்பத்தாறு வருஷம் ருசி பார்த்துத் துப்பியவன் நான், இதைத் துப்ப மனசு வரவில்லை.

இது எப்படி நடந்தது என்று பேரனிடம் இரவு பூராவும் கேட்டேன். உனக்குச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வாய், நீயும் தமிழ்நாடு அரசாங்கத்தின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் இலையோடு கிடந்தவன்தானே. கொழுந்தை உருட்டி உடைத்துப் பரப்பினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் பச்சை செம்பாகிறது. காற்றுப் பட்டுத் துவர்ப்புச் சத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிறமும் கனமும் ஆகின்றன. நேரம் கூடினால் உயிர்ப்புப் போய்விடும். அந்த நொடியைப் பிடித்து ட்ரையருக்கு அனுப்புவதுதான் டீமேக்கர் வேலை. வைனிலும் ஏறக்குறைய அதே சாதித் துவர்ப்புத்தான், திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் ஓக் பீப்பாயிலிருந்தும் வருவது. அதுவும் ஒன்றோடொன்றும் நிறத்தோடும் சேர்ந்துகொள்கிறது, பெரிதாகிறது, தாங்க முடியாமல் மண்டியாக அடியில் இறங்கிவிடுகிறது. அதனால்தான் நிறமும் வெளுக்கிறது, துவர்ப்பும் அடங்குகிறது. நாம் மணிக்கூட்டைப் பார்த்து முடிக்கிற வேலைக்கு அது ஐம்பது வருஷம் எடுத்துக்கொண்டிருக்கிறது. நம் தேயிலையை அப்படி வைக்க முடியாது, இரண்டு வருஷத்தில் செத்துப்போகும். எல்லா வைனும் இப்படி நிற்காது என்றும் சொன்னான். பெரும்பாலானவை சில வருஷத்தில் குடிக்க வேண்டியவைதானாம். ஆரம்பத்தில் வாயைக் கட்டுகிற அளவு துவர்ப்பும் புளிப்பும் உள்ளதுதான் நெடுங்காலம் தாங்குமாம். அப்பா முகம் சுளித்தாரே, அந்தச் சுளிப்புத்தான் அதன் ஆயுசு.

இன்னொன்றும் சொன்னான். 1869இல் இங்கே கோப்பியில் இலைத்துரு நோய் விழுந்தது நமக்குத் தெரியும், நம் பாட்டன்மார் மன்னாரிலிருந்து நடந்து வந்தது அந்தக் கோப்பிக்குத்தானே. அதே காலத்தில் பிரான்சில் வேரைத் தின்னும் ஒரு பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்ததாம். அவர்கள் அமெரிக்கக் கொடியின் வேரில் தங்கள் கொடியை ஒட்டுப்போட்டுப் பிழைத்தார்கள். இங்கே கோப்பியைப் பிடுங்கித் தேயிலை வைத்தார்கள். நாம் இந்த மலையிலேயே நின்றோம். அப்புறம் லட்சக்கணக்கான பேரை 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தம் வேரோடு இந்தியாவுக்குக் கிளப்பிக்கொண்டு போனது. 2023இல், நம்மவர்கள் இங்கே வந்து 200 வருஷம் ஆனதற்காக, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பிள்ளைகள் நடந்தபோது, நீ கப்பலேறிய இறங்குதுறையைத்தான் நினைத்தேன்.

எனக்கு ஆறாதது ஒன்று உண்டு. அப்பா குடித்தது அந்த முதல் வாய் மட்டும்தான். இருபத்துநாலு வருஷம் கட்டிலுக்கு அடியில் காவல் இருந்த மனுசனுக்கு அது எதற்காகக் காத்திருந்தது என்று தெரியாமலே போய்விட்டது. 1986இல் பொறுத்திருக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்ல யாருமில்லை. அன்று மாலை அவர் படத்துக்கு முன்னால் நின்று, "துரை சொன்னது நெசம்தான்ப்பா" என்று சத்தமாகவே சொன்னேன். பேரன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

உனக்கு ஒரு வாய் எடுத்து வைக்கலாம் என்று மூடி வைத்துப் பார்த்தேன். அவ்வளவு வயசானது காற்றுப் பட்டால் தாங்காது என்று பேரன் சொன்னது சரிதான். முக்கால் மணி நேரத்தில் வாசனை வடியத் தொடங்கியது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெறும் புளிப்புத்தான் மிஞ்சியது. அதனால் முறிந்த தக்கையின் பாதியை இதோடு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்புகிறேன். வைன் பக்கம் இருந்த பாதி, அடி கறுத்திருக்கும். பையைத் திறந்த உடனே மோந்து பார், தள்ளி வைக்காதே. பலகை வாசம் முதலில் வரும், புகையிலை அதற்குப் பின்னால். தங்கச்சியிடமும் கொடு. வந்து சேர்ந்தபோது என்ன மிச்சம் இருந்தது என்று மறக்காமல் எழுது.

உன்
பொன்னையா