மஸ்டாங் மாடலில் வெள்ளிப் பெயின்ட் உரிந்தது பற்றி

அன்புள்ள செல்விக்கு,

படம் வந்தது. மூன்று வாரத்தில் உன்னிடமிருந்து வந்தது அது ஒன்றுதான், அதிலும் ஒரு வரி எழுத்து இல்லை. உன் அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். மேசையில் ஒரு காபிக் கோப்பைதான் இருக்கிறது என்றாள். நான் நீ செய்துகொண்டிருக்கும் மஸ்டாங் போர்விமான மாடலைத்தான் பார்த்தேன்.

ஜன்னல் சாத்தியிருக்கிறது. பெயின்ட் ஆவியை வெளியே தள்ளும் ஸ்ப்ரே பூத்தின் குழாய் தரையில் கிடக்கிறது. ஹாம்பர்க்கில் குளிர்தான், தெரியும். ஆனாலும் லாக்கர் பெயின்ட் அடிக்கும்போது குழாய் வெளியே போயே ஆக வேண்டும். துணி மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ், அதாவது இந்த ஆவியை உறிஞ்சும் வடிகட்டி வைத்த மாஸ்க் வாங்கு. அதைச் சரியாகப் பொருத்திய பிறகும் வாசனை வந்தால் கார்ட்ரிட்ஜை மாற்று. வேலை முடிந்ததும் காற்றுப் புகாத பையில் போட்டு வை, வெளியே கிடந்தால் சும்மாவே தீர்ந்துபோகும்.

இனி இறக்கை. வெள்ளி சர்க்கரை தூவினாற்போல் இருக்கிறதே, அது பெயின்டின் குற்றமில்லை. தூரத்தில் பிடித்து அடித்திருக்கிறாய், துளி பிளாஸ்டிக்கைத் தொடுமுன்பே காற்றில் காய்ந்துவிட்டது. அல்கிளாட் உலோக நிற லாக்கருக்கு ஏர்பிரஷ் காற்றழுத்தம் 12 முதல் 15 பி.எஸ்.ஐ. போதும். தூரம் 5 முதல் 8 செ.மீ. தின்னர் சேர்க்காதே, அது அடிக்கத் தயாராகத்தான் வருகிறது. பாட்டிலை நன்றாகக் குலுக்கு, உலோகத் தூள் அடியில் தங்கும். முதல் பூச்சு பனி படிந்த மாதிரிதான் இருக்க வேண்டும், மூன்று நான்கு பூச்சில் தானாக மூடும். ஒரே பூச்சில் மூட நினைத்தால் வழிந்து தேங்கும்.

அடிப்பூச்சாக இருக்கும் பிரைமரையும் பார். உலோகத் தூள் படுத்துக்கொள்ள வழுவழுப்பான தரை வேண்டும், கீறல் இருந்தால் வெள்ளி அதை மறைக்காது, எடுத்துக் காட்டும். மிஸ்டர் சர்ஃபேசர் 1500 கறுப்பு பிரைமரை லெவலிங் தின்னரில் சரிக்குச் சரி கலந்து அடி. காய்ந்ததும் 2000, பிறகு 3000 உப்புத்தாளில் தண்ணீர் தொட்டு லேசாகத் தேய். அதன்மேல் டாமியா எல்.பி-1 கறுப்பு லாக்கர், கண்ணாடி மாதிரி. ஒரு நாள் முழுக்க விடு. லாக்கர் இல்லாமல் மெதுவாகக் காயும் எனாமல் கறுப்பாக இருந்தால் பல நாள் ஆகும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே மெத்தென்றே கிடக்கும். மூக்கருகே கொண்டுபோய்ப் பார், வாசனை இருந்தால் காயவில்லை. அதன்மேல் லாக்கர் விழுந்தால் வெடிப்பு விடும்.

ஆனால் இந்தக் கண்ணாடிப் பளபளப்பு உடம்புக்கு மட்டும்தான், இறக்கைக்கு வேண்டாம். காற்று வழுக்கி ஓட வேண்டும் என்று மஸ்டாங்கின் இறக்கையில் ரிவெட்டையும் இணைப்பையும் புட்டியால் நிரப்பித் தேய்த்து, மேலே வெள்ளிப் பெயின்ட்தான் அடித்தார்கள். அங்கே தெரிவது உலோகமே இல்லை. சாம்பல் பிரைமர் மேல் எல்.பி-11 வெள்ளி அடித்தால் சரியாக வரும். வாலில் துணி போர்த்திய ரட்டருக்கும் அதேதான். அல்கிளாட் நிறங்களில் உடம்புக்கு அலுமினியம், இரண்டு மூன்று தகடுகளில் டுராலுமினியம், எக்ஸாஸ்ட் பக்கம் டார்க் அலுமினியம். காக்பிட் சட்டத்தை நீ வெட்டி ஒட்டியிருக்கும் நேர்த்தி எனக்கு வராது. அதைப் பார்த்துவிட்டு இறக்கையைப் பார்த்தால்தான் கோபம் வருகிறது, இவ்வளவு தெரிந்தவள் அவசரப்படலாமா?

இறக்கை உடம்போடு சேரும் இடத்தில், மறைப்புக்கு ஒட்டிய டேப்போடு வெள்ளி உரிந்து வந்திருக்கிறது. பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவினாயா? அச்சிலிருந்து வரும் எண்ணெய்ப் பசையும் விரல் எண்ணெயும் இருந்தால் பிரைமர் பிடிக்காது. டேப்பை முதலில் புறங்கையில் ஒட்டி ஒட்டி எடுத்துப் பசையைக் குறை. உரிக்கும்போது மேலே இழுக்காதே, மடித்து அதன் மேலேயே படுக்கவைத்து இழு.

அந்த லைட்னிங் விமான மாடலிலும் இப்படித்தான் உரிந்தது. கை கழுவாமல் தொட்டாய் என்று உன்னைத் திட்டினேன், நீயும் பேசாமல் கேட்டுக்கொண்டாய். உன் கையில் ஒன்றுமில்லை, செல்வி. கழுவாமல் பிரைமர் அடித்தவன் நான். எனாமல் கறுப்பு காய ஒரு ராத்திரி போதும் என்றவனும் நான்தான். டேப்பை உரித்த அன்றே எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஏதாவது கெட்டுப்போனால் நீ சொல்வதில்லை. படத்தை மட்டும் அனுப்புகிறாய்.

முழுவதையும் கரைத்து எடுக்க வேண்டாம். உரிந்த இடத்தின் விளிம்பை 2000-இல் தேய். விரல் நுனி ஓட்டினால் படி தட்டக்கூடாது. அந்த இடத்துக்கு மட்டும் சாம்பல் பிரைமர், அதன்மேல் வெள்ளி. முதலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துப் பார். உடம்பில் அலுமினியத்தின் மேல் கிளியர் வார்னிஷ் அடிக்காதே, உலோகக் களை மங்கிவிடும். டெக்கால் படங்களை நேராகவே ஒட்டலாம்.

அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள். இரண்டு பேருக்கு அனுப்புவதா என்று கேட்டாள், வழக்கம்போல அனுப்பு என்றேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில்தான் இருப்போம். ஜன்னலைத் திறந்து வை. மாஸ்க் வாங்கியதும் ஒரு வரி எழுது.

அப்பா