கடலில் நிற்கும் அந்த மஞ்சள் மிதவையில் படகைக் கட்டாதீர்கள்: ஆழ்கடல் மீனவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நீரோடி முதல் இரையுமன்துறை வரையுள்ள எட்டு ஊர்களின் ஆழ்கடல் மீனவர்களுக்கும், தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் கொச்சியிலிருந்தும் தூண்டில் படகு எடுக்கும் ஓட்டுநர்களுக்கும்.

அன்புள்ள அண்ணன்மாரே, தம்பிமாரே,

நான் கடலுக்குப் போகிறவன் இல்லை. கட்டுமரத்தில் போய்வந்த ஒருவரின் மகன். இப்போது பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். கடலைப் பற்றி உங்களுக்குக் கற்றுத்தரும் தகுதி எனக்கில்லை. நீங்கள் அடிக்கடி பார்க்கிற ஒரு பொருளைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, நங்கூரத்தில் தனியே ஆடிக்கொண்டு நிற்கிறதே, ஒரு மஞ்சள் மிதவை. நீங்கள் போயா என்பீர்கள்.

அதில் படகைக் கட்டாதீர்கள். இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அதன் அடியில் மீன் நிற்கும் என்பது எனக்கும் தெரியும். தென்னை ஓலையைக் கட்டி மிதக்கவிட்டாலே மீன் கூடும் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். மிதவையின் அடிப்பகுதியில் பாசி படிகிறது. பாசியைத் தேடிச் சிறுமீன் வருகிறது. சிறுமீனைத் தேடிச் சூரை வருகிறது. ஒரு கயிற்றைப் போட்டுக் கட்டிவிட்டு எஞ்சினை அணைத்தால் இரவெல்லாம் டீசல் மிச்சம். கடன் வாங்கி டீசலும் ஐஸும் ஏற்றிக்கொண்டு மாதக்கணக்கில் கடலில் கிடப்பவர்களுக்கு அந்த இடம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் அறியாதவன் அல்லன். இதை நம் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்கிறார்கள் என்றும் சொல்லமாட்டேன். பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் பல நாட்டுப் படகுகள் இப்படிக் கட்டுகின்றன. மிதவைகளைப் பராமரிக்கும் விஞ்ஞானிகள் உலகெங்கும் வருந்திப் பேசும் விஷயம் இது.

அந்த மிதவைக்குள் என்ன இருக்கிறது? சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் நடத்தும் தேசிய மிதவைத் திட்டம்தான் அதை அங்கே நிறுத்தியிருக்கிறது. அந்தத் திட்டம் 1996இல் தொடங்கியது. மிதவையின் உச்சியில் காற்றின் வேகத்தையும் திசையையும் அளக்கும் கருவி இருக்கிறது. அதன் பக்கத்திலேயே காற்றழுத்தமானி. அலை எவ்வளவு எழும்புகிறது என்பதை மிதவையின் ஆட்டத்திலிருந்தே கணக்கிடும் கருவியும் உண்டு. கீழே தொங்கும் கயிற்றில் வெவ்வேறு ஆழங்களில் கருவிகள் கட்டப்பட்டிருக்கும். சில மிதவைகளில் அவை 500 மீட்டர் வரை இறங்கி, அங்குள்ள நீரின் வெப்பத்தையும் உப்பையும் பார்க்கும். அளந்ததெல்லாம் செயற்கைக்கோள் வழியாக அப்போதைக்கப்போதே கரைக்கு வந்துவிடும். நம் தாத்தாக்கள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழமும் அடித்தரையும் பார்த்தார்கள் அல்லவா? அதே வேலையை இரவும் பகலும், ஆளே இல்லாத கடலில் இது செய்துகொண்டிருக்கிறது.

செயற்கைக்கோள் மேலிருந்து எல்லாவற்றையும் பார்க்கிறதே, மிதவை எதற்கு என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். நல்ல கேள்வி. செயற்கைக்கோள் பார்ப்பது மேகத்தின் வடிவத்தை. அந்த வடிவத்தை வைத்துப் புயலின் பலத்தை மதிப்பிடுகிறார்கள். புயலின் அடியில் உள்ள காற்றழுத்தத்தை நேராக அளக்க, அங்கே கடல்மேல் ஒரு கருவி இருந்தாக வேண்டும். கடலின் வெப்பமும் அப்படித்தான். மேலிருந்து தெரிவது நீரின் மேற்பரப்பு மட்டும். புயல் கடலைக் கலக்கும்போது கீழிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்தால் புயல் தளர்ந்துபோகும். வெந்நீர் ஆழம் வரை தேங்கியிருந்தால் கலக்கக் கலக்க மேலும் பலம் பெறும். அடியில் எது இருக்கிறது என்பதை அந்தக் கயிற்றில் தொங்கும் கருவிகள் சொல்லும். ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமும் இந்திய வானிலை ஆய்வுத் துறையும் கணினியில் நாளைய கடலைக் கணக்கிடும்போது, இந்த நிமிடத்துக் கடலிலிருந்துதான் தொடங்குகின்றன. தொடக்கத்து எண் பிழைத்தால் அடுத்து வருவதெல்லாம் பிழைக்கும்.

இப்போது உங்கள் கயிறு அதற்கு என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறேன். மூன்று, நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் நங்கூரம் போட்ட அந்த மிதவை, காற்றையும் அலையையும் நீரோட்டத்தையும் தாங்கச் செய்யப்பட்டது. அதோடு சேர்ந்து ஒரு படகையும் இழுத்துப் பிடிப்பதற்காக அல்ல. படகு உரசினால் உச்சியில் உள்ள காற்றுமானி முறிகிறது. வரிசையாகப் பல முட்கள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலின் கயிறு சுற்றிக்கொண்டால் அடியில் உள்ள கருவிகள் அறுந்துபோகின்றன. சில இடங்களில் சூரியத் தகட்டையும் மின்கலத்தையும் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. நங்கூரக் கயிறு அறுந்தால் மிதவையே நீரோட்டத்தில் போய்விடும். அதன்பின் ஒரு கப்பல் அங்கே போய் மாற்றி வைக்கும்வரை கடலின் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அளந்து சொல்ல யாரும் இல்லை.

ஒக்கிப் புயலைப் பற்றிப் பேசாமல் உங்களுக்கு இதை எழுத முடியாது. 2017 நவம்பர் 29ஆம் தேதி இலங்கையின் தென்கிழக்குக் கரையை ஒட்டிக் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் குமரிக் கடலில் புயலாகிவிட்டது. என் அத்தான் அப்போது கடலில் இருந்தார். ஆறு நாட்கள் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று நினைவில்லை. லட்சத்தீவில் ஒதுங்கிய படகுகளில் அவருடையதும் ஒன்று என்று தெரிந்த அன்று அக்கா அழவேயில்லை. உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிட்டாள். பக்கத்துத் தெருவில் அப்படி ஒரு செய்தி வராத வீடுகள் இருந்தன. காற்று மாறியதை நாங்கள் பார்த்துவிட்டோம், எந்தத் திசையில் ஓடினால் தப்பலாம் என்பதுதான் தெரியவில்லை என்றார் அத்தான். அதை இன்றும் மறக்க முடியவில்லை. புயல் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பது கரையில் இருந்தவர்களுக்குத் தெரிந்த பிறகும், பத்து நாட்களுக்கு முன்பே கிளம்பிப்போன படகுகளுக்கு அதைச் சொல்ல வழியிருக்கவில்லை. கைப்பேசி கரையோரத்தோடு முடிந்துவிடும். விஎச்எஃப் வயர்லெஸ் சில பத்துக் கிலோமீட்டருக்கு மேல் எட்டாது.

ஆகவே உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எங்களுக்கு வராத தகவலுக்காக நாங்கள் ஏன் ஒரு மிதவையைக் காக்கவேண்டும் என்று நீங்கள் கேட்டால் என்னால் மறுக்க முடியாது. கடலிலிருந்து கரைக்கு ஒரு நொடியில் வரும் எண், கரையிலிருந்து கடலில் இருப்பவனுக்குப் போய்ச் சேராவிட்டால் அது பாதித் தகவல்தான். ஆனால் ஒக்கிக்குப் பிறகு கொஞ்சம் மாறியிருக்கிறது. 2019இல் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைப் படகுக்கே அனுப்பும் ஜெமினி கருவி வந்தது. அது கேட்கத்தான் உதவும், பதில் சொல்ல முடியாது. அடுத்து, இரு பக்கமும் செய்தி அனுப்பக்கூடிய டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கியது. உங்கள் படகில் அது இருந்தால் தயவுசெய்து அணைத்து வைக்காதீர்கள். நாம் மீன் பிடிக்கும் இடம் பிறருக்குத் தெரிந்துவிடுமே என்ற தயக்கம் பலருக்கு இருப்பதை அறிவேன். அந்த விவரம் யாருக்குப் போகிறது, யாருக்குப் போகாது என்பதை எழுத்தில் தரும்படி மீன்வளத் துறையிடம் சங்கங்கள் கேட்கவேண்டும். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

காற்றே இல்லாத நாளில் வரும் ஆபத்து ஒன்றும் இருக்கிறது. 2024 மே 6ஆம் தேதி, நம் மாவட்டத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரைக் கடல் இழுத்துக்கொண்டது. அன்று நம் கடலில் புயல் இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே கிளம்பிய நெடிய அலைகள் பல நாட்கள் பயணம் செய்து வந்து கரையில் ஏறின. இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர் வைத்தவர்கள் மீனவர்கள்தான். வானத்தைப் பார்த்தும் காற்றைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத இந்தக் கடலை, தொலைவில் எழும்பும் அலையை அளந்துதான் முன்கூட்டிச் சொல்லமுடியும். அந்த முறை ஹைதராபாத் மையம் முன்பே எச்சரித்திருந்தது. குளிக்கப் போனவர்களை அது எட்டவில்லை. நான் வகுப்பில் இதைச் சொன்னபோது, அப்படியானால் அளந்து என்ன பயன் சார் என்று ஒரு மாணவி கேட்டாள். அளந்ததால்தான் எங்கே தவறியது என்று நமக்குத் தெரிகிறது என்றேன். அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. எனக்கும் போதவில்லை.

போதுமானதாகவும் ஒருமுறை நடந்திருக்கிறது. 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். அதே மாநிலத்துக்கு 2013இல் ஃபைலின் வந்தபோது, முன்கூட்டியே தெரிந்ததால் சுமார் பத்து லட்சம் பேரைக் கரையிலிருந்து அப்புறப்படுத்த முடிந்தது. இறந்தவர்கள் சில பத்துப் பேர். அளந்த எண்ணும் சொன்ன வாயும் நடந்த காலும் ஒன்றுசேர்ந்த இடம் அது.

உங்களிடம் நான் கேட்பவை சில. மிதவையிலிருந்து ஒரு கடல் மைலாவது தள்ளி நின்று தொழில் செய்யுங்கள். மீன் கூடும் நல்ல பார் (கடலடிப் பாறை) கிடைத்தால் அந்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் பதிந்து வைப்பீர்களே, அதேபோல மிதவையின் இடத்தையும் ஒதுங்கவேண்டிய இடமாகப் பதிந்துகொள்ளுங்கள். சாய்ந்தோ அறுந்தோ மிதக்கும் மிதவையைக் கண்டால் கயிறு போட்டு இழுக்கவேண்டாம். இடத்தையும் நேரத்தையும் குறித்துவந்து சங்கத்தில் சொல்லுங்கள். படகில் உள்ள கருவிக்கு வந்த செய்திக்கு மாறாக நீரோட்டமோ காற்றோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். நீங்கள் அங்கே நின்று பார்த்தவர்கள்.

சங்கங்களிடம் ஒன்று. கடலில் எந்தெந்த மிதவை இப்போது வேலை செய்கிறது, எங்கே நிற்கிறது என்ற பட்டியலைப் பள்ளிக்கரணைக் கழகத்திடம் தமிழில் கேட்டு வாங்குங்கள். நம் மேற்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31 நள்ளிரவோடு முடிகிறது. அதற்கு ஒரு வாரம் முன்பாவது அந்தப் பட்டியல் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும் இடத்தின் பலகையில் இருக்கட்டும். எழுதிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் நானும் என் மாணவர்களும் வருகிறோம். சனி, ஞாயிறு எந்த நாளானாலும் சரி.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர்