மெதுவாகத் தொடங்கினால் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வெளியான நெடுந்தூர நீச்சல் பற்றிய கட்டுரையில், முதல் பாதியை அடக்கி நீந்தி மீதிப் பாதியில் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்ற அறிவுரை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டிருந்தது. நாள்தோறும் தண்ணீரில் கிடப்பவருக்கு அது சரி. பல ஆண்டுகள் குளத்தின் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, பழைய ஆசையில் மூத்தோர் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது பொருந்தாது என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

கட்டுரை எடுத்துக்காட்டிய அமெரிக்க வீரர் பாபி ஃபிங்க், 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 800 மீட்டர், 1500 மீட்டர் இரண்டிலும் கடைசி 50 மீட்டரில் பாய்ந்து முன்னேறித் தங்கம் வென்றார் என்பது உண்மைதான். ஆனால் அதே ஃபிங்க் 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 1500 மீட்டரைத் தொடக்கத்திலேயே முன்னே சென்று நீந்தி, 14 நிமிடம் 30.67 விநாடியில் முடித்து, 2012 முதல் சீன வீரர் சுன் யாங் வசமிருந்த உலகச் சாதனையை முறியடித்தார். உடலில் தெம்பு இருப்பவர் எந்த உத்தியையும் தேர்ந்துகொள்ளலாம் என்பதையே இவ்விரண்டும் காட்டுகின்றன. தெம்பு இல்லாதவருக்கு இரண்டாம் பாதியில் கூட்டுவதற்கு ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக நீந்துவது ஒன்றே அவருக்கு வழி.

சென்ற ஆண்டு 25 மீட்டர் குளத்தில் நடந்த 1500 மீட்டர் போட்டியில் கலந்துகொண்டேன். கல்லூரி நாட்களில் அந்தத் தூரத்தை 22 நிமிடத்தில், அதாவது 100 மீட்டருக்கு 88 விநாடி வீதம் நீந்தியவன் நான். ஆகவே முதல் 100 மீட்டரை 102 விநாடியில் முடித்தபோது, கட்டுரையில் சொன்னபடியே அடக்கி நீந்துவதாகத்தான் எண்ணினேன். 400 மீட்டரில் கைகள் இரும்பாய்க் கனத்தன. ஃப்ரீஸ்டைல் போட்டியில் குளத்தின் தரையில் கால் ஊன்றி நிற்கலாம், நடக்கத்தான் கூடாது என்ற விதியின் அருமை அன்றுதான் புரிந்தது. நின்று நின்று 45 நிமிடத்தில் கரையேறினேன். 'மெதுவாக' என்று நான் எண்ணியது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய உடலை வைத்துப் போட்ட கணக்கு என்பது பிறகே உறைத்தது.

தண்ணீர் இந்தத் தப்புக்கணக்கை மன்னிப்பதில்லை. நீரின் எதிர்ப்பு விசை ஏறக்குறைய வேகத்தின் இருமடியாகவும், அதை எதிர்த்து முன்னேறச் செலவிட வேண்டிய திறன் மும்மடியாகவும் கூடுகிறது; வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் திறன் தேவைப்படும். ஓடுகிறவர் இளைத்தால் நினைத்த நேரத்தில் மூச்சை இழுத்துவிட்டுக்கொள்ளலாம். நீந்துகிறவர் தலை திரும்பும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

எனவே இந்த ஆண்டு நினைவை நம்பாமல் ஸ்டாப் வாட்சை நம்பினேன். போட்டிக்குப் பத்து நாள் முன்பு 200 மீட்டரையும், நன்றாக ஓய்வெடுத்தபின் 400 மீட்டரையும் முடிந்த அளவு வேகமாக நீந்திப் பார்த்தேன். முதலாவதற்கு 4 நிமிடம் 20 விநாடியும், இரண்டாவதற்கு 9 நிமிடம் 20 விநாடியும் ஆயின. கூடுதல் 200 மீட்டருக்கு ஆன 5 நிமிடத்தில் பாதி, அதாவது 100 மீட்டருக்கு 150 விநாடி என்பதே நான் ஓரளவு தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம். பயிற்சியாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் கணக்குத்தான் இது. உடல்நிலையை எண்ணி அதனுடன் இன்னும் 5 விநாடி சேர்த்துக்கொண்டேன்.

போட்டியன்று அந்த 155 விநாடி வேகம் வெட்கப்படும் அளவுக்கு மெதுவாக இருந்தது. முதல் 100 மீட்டரை நான் முடித்தபோது பக்கத்துத் தடத்துக்காரர் குளத்தின் ஒன்றரை நீளத்துக்கு மேல் முன்னே போயிருந்தார். துரத்த வேண்டும் என்ற துடிப்பு எனக்கும் வந்தது. வேகம் கூடினால் உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் காட்டும்படி கரையில் நின்ற மகளிடம் சொல்லியிருந்தேன். முதல் 300 மீட்டருக்குள் மூன்று முறை காட்டிவிட்டாள். கால் உதைப்பைக் குறைத்துக்கொண்டேன், ஏனெனில் தொடையின் பெரிய தசைகள் மூச்சை வெகுவாகத் தின்றுவிடும். மூன்று கைவீச்சுக்கு ஒருமுறை மூச்சு என்ற கல்லூரி வீம்பையும் விட்டுவிட்டு, இரண்டுக்கு ஒருமுறை எடுத்தேன். ஒரு நீளத்துக்கு ஆகும் கைவீச்சுகளை எண்ணிக்கொண்டே போனதும் உதவியது. எண்ணிக்கை இரண்டு மூன்று கூடினால் கை தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்குகிறது என்று பொருள். ஆயிரம் மீட்டருக்குப் பிறகு பக்கத்துத் தடத்துக்காரரைக் கடந்தேன். நான் வேகம் கூட்டவில்லை, அவர்தான் தளர்ந்திருந்தார். ஒருமுறையும் நிற்காமல் 38 நிமிடம் 50 விநாடியில் முடித்தேன். இந்த ஆண்டும் வாரத்துக்கு இரண்டு நாள்தான் பயிற்சி, எடையும் குறையவில்லை.

போட்டி நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். நுழைவுப் படிவத்தில் 'சிறந்த நேரம்' என்று மட்டும் கேட்டு, அதை வைத்துப் பிரிவுகளை அமைக்கிறார்கள். அதற்குப் பதிலாகக் கடந்த மூன்று மாதத்துக்குள் நீந்திய நேரத்தைக் கேட்டால், பழைய நினைவில் இருப்பவர்கள் வேகமானவர்களின் நடுவே மாட்டிக்கொண்டு திணற மாட்டார்கள். சென்ற ஆண்டு அந்தக் கட்டத்தில் 22 நிமிடம் என்று எழுதிக் கையொப்பமிட்டவன் நான்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
வேளச்சேரி, சென்னை.