அம்மாவின் மூளைக் கட்டியும் எங்களோடு நின்றவர்களும்

எல்லோருக்கும் வணக்கம். அம்மா நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டார். ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டிய நன்றி இது. அம்மாவைத் தனியே விட்டு வர முடியாததால் எழுதுகிறேன்.

முதலில், அம்மாவோடு சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கும் உதவியாளர் அக்காவுக்கு. சாம்பார் கொதிக்கும் வாசனையை வைத்தே உப்பு போதுமா என்று சொல்லிவிடுகிறவர் அம்மா. அப்படிப்பட்டவர், பருப்பு அடிப்பிடித்துப் புகையும்போது பக்கத்திலேயே பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். "கவனம் இல்லாம இல்ல பாப்பா, அவங்களுக்கு வாசனையே தெரியல" என்று அக்கா போன் செய்து சொன்னார். அதற்கு முன்பே அம்மாவின் பேச்சு குறைந்திருந்தது. குளிக்கச் சொன்னால் 'ம்' என்பார், எழுந்திருக்க மாட்டார். மனச்சோர்வு என்று ஓரிடத்தில் மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். வலிப்பு வந்ததே இல்லை. தலைவலியும் தைலம் தேய்த்தால் போகிற அளவுதான். அக்கா சொன்ன வாசனை விஷயத்தைத்தான் பிறகு பார்த்த மருத்துவர்கள் எல்லோரும் துருவித் துருவிக் கேட்டார்கள்.

அப்புறம் அந்தக் கண் மருத்துவர். பார்வை மங்குகிறதே என்று கண்ணாடிக்காகப் போயிருந்தோம். விளக்கடித்துப் பார்த்தவர், "கண் நரம்பு வீங்கியிருக்கு, கண்ணாடியால தீராது, உடனே தலைக்கு ஸ்கேன் எடுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மூளை நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு எப்படி நன்றி சொல்வது! மூளையின் உறையிலிருந்து வளரும் மெனிஞ்சியோமா என்றார்கள். பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத, மெதுவாக வளரும் வகை. மூக்குக்கு நேர் மேலே, வாசனை நரம்புகள் போகிற இடத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு வளர்ந்து, மூளையின் முன்பகுதியை அழுத்திக்கொண்டிருந்தது. மண்டை ஓடு விரிந்து கொடுக்காதே. கட்டிக்கும் சுற்றியுள்ள வீக்கத்துக்கும் மூளைதான் இடம் விட வேண்டும். ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவது, கூச்சப்படுவது, சிறுநீரை அடக்கிக்கொள்வது எல்லாம் அந்த முன்பகுதியின் பொறுப்பு. "அம்மா சோம்பேறி ஆகலை. எந்திரின்னு சொல்ற இடத்தையே கட்டி அமுக்குது" என்று அப்பாவுக்குப் படத்தைக் காட்டி விளக்கினாரே ஓர் இளம் மருத்துவர், அவருக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது. அம்மா மாறிவிட்டாரே என்று அப்பா அதுவரை உள்ளுக்குள் உடைந்துபோயிருந்தார்.

வீக்கம் குறைய டெக்சாமெதசோன் ஊசி போட்டார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பே, ஒருநாள் காலையில் அம்மா தானாக வாயைத் திறந்து, "கூடத்துச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார். வார்டில் இருந்த செவிலியர் அக்கா எங்களோடு சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள் என்று எங்களுக்குப் பழக்கிவிட்டவரும் அவர்தான்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட மேசையில் தாள்களைச் சரிபார்த்துக் கொடுத்த தங்கைக்கும் நன்றி.

கட்டியை எடுத்தாயிற்று. நடை, பேச்சு, கோபம் எல்லாம் பழையபடி வந்துவிட்டன. வாசனை மட்டும் வரவில்லை, இனி வருவதும் கடினம் என்கிறார்கள். உப்பும் புளிப்பும் நாக்குக்குத் தெரிகின்றன; பெருங்காயம் தெரியவில்லை. கட்டி மறுபடி வளரக்கூடும் என்பதால் அவ்வப்போது ஸ்கேன் எடுக்க வேண்டும்.

கடைசியாக, இரவோடு இரவாக பைக்கில் வந்து ரத்தம் கொடுத்த கல்லூரித் தம்பிகளுக்கு. உங்கள் பெயரைக்கூடக் கேட்டுவைக்க முடியவில்லை. என்னுடையது ஓ பாசிட்டிவ். யாருக்குத் தேவை என்றாலும், எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள், வந்துவிடுகிறேன்.